மூன்றாவது ஓடை

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் சாதாரணமாக இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒன்று, காரவள்ளியில் தொடங்கி மேலே ஏறுகிற சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். மற்றொன்று, ஆயிரம் படி இறங்கிப் போய்ப் பார்க்கிற ஆகாய கங்கை அருவி. நானும் வளைந்து வளைந்து ஏறினேன். படி இறங்கி நனைந்தேன். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து நான் பேசிக் கொண்டிருப்பது ஒரு பெண்ணின் லாபரட்டரி நோட்டைப் பற்றித்தான். வீட்டாருக்குக் காது புளித்துவிட்டது. ஆகையால் வாசகர்களைத் தேடி வந்திருக்கிறேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் அந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்கிற மலையாளி. கடை போக, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. அவருடைய பெண் கீழே சமவெளியில் ஒரு பொறியியற் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

நான் போன நேரத்தில் அவள் நோட்டை விரித்து வைத்துக் கொண்டு, படிக்காமல், வெறித்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். "என்னம்மா படிக்கிறாய்?" என்று கேட்டேன். "ஸி லாங்க்வேஜ், ஸார்" என்றாள். நாவல் எழுதுவதற்கு முன்னால் வயிற்றுப் பாட்டுக்காகப் பல வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவன் நான். பழைய சிநேகிதனின் பெயரைக் கேட்டது போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். கல்லூரிக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். முதல் சுற்றுப் பரீட்சை கம்ப்யூட்டரிலேயே. சில எண்களைத் தருவோம், அவற்றில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுது என்பது கேள்வி. இவள் எழுதினாள். முதலில், 'கோனியோ' என்ற கோப்பே இங்கே கிடையாது என்று யந்திரம் அடம் பிடித்தது. அந்த வரியை எடுத்தாள். அடுத்து வேறு இரண்டு சொற்கள் தெரியாது என்றது. அவற்றையும் எடுத்தாள். கடைசியில் புரோகிராம் ஓடியது. 'தவறான விடை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் அதுவே. நேரம் முடிந்தது.

"காலேஜில் இதே புரோகிராமுக்குப் பத்துக்குப் பத்து மார்க் போட்டார்கள், ஸார். அங்கே தப்பு என்று வந்துவிட்டது. எனக்கு மண்டையில் ஏறவில்லை என்றுதானே அர்த்தம்?"

அவள் அப்பா டம்ளரைக் கழுவிக் கொண்டே சொன்னார்: "மிளகு பறிக்க ஆள் கிடைக்க மாட்டேங்குதுங்க. வேலை கிடைக்கலேன்னா இங்கேயே கூடமாட இருக்கட்டும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாலு வருஷச் செலவை மனசுக்குள் எழுதிக் கூட்டிப் பார்த்த மனிதர் பேசுகிற தொனி அது.

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஒரே ஒரு 'குற்றம்'. எண்ணை வாங்குவதற்கு முன்னால், 'எண்ணைக் கொடுக்கவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரியைத் திரையில் அச்சடிக்கச் சொல்லியிருந்தாள். மரியாதையான வரி. கல்லூரியில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பரீட்சையைத் திருத்தியது மனிதன் இல்லை, இன்னொரு புரோகிராம். அது இவளுடைய புரோகிராம் வெளியே அனுப்பியதையெல்லாம் விடை என்றே எடுத்துக் கொள்ளும். 47 என்று வர வேண்டிய இடத்தில் 'எண்ணைக் கொடுக்கவும் 47' என்று வந்தது. அதன் கணக்கில் அது தப்பு.

இந்தப் பெண்ணுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. குறை, அவளுக்கு முதல் நாள் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்தை நாலு வருஷமாக ஒருவரும் சொல்லாததில் இருக்கிறது. அந்த விஷயத்தை இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை.

*

ஸி பாஷையில் எழுதிய எந்தப் புரோகிராமும் பிறக்கும்போதே மூன்று ஓடைகளோடு பிறக்கிறது. 'ஸ்ட்ரீம்' என்றுதான் அதை உண்டாக்கினவர்களே பெயர் வைத்தார்கள். முதல் ஓடை உள்ளே வருவது; செய்தி அதன் வழியாக வரும். அதற்கு ஸ்டாண்டர்ட் இன்புட் என்று பெயர். இரண்டாவது வெளியே போவது. விடை அதன் வழியாகப் போகும். அது ஸ்டாண்டர்ட் அவுட்புட். மூன்றாவதும் வெளியே போவதுதான். ஆனால் அதில் விடை போகாது. 'ஐயோ, கோப்பு திறக்கவில்லை', 'நீங்கள் கொடுத்தது எண்ணே இல்லை' என்பன போன்ற முறையீடுகள் போகும். அதற்கு ஸ்டாண்டர்ட் எரர் என்று பெயர். யூனிக்ஸ் உலகத்தில் இவற்றுக்கு 0, 1, 2 என்று எண்களும் உண்டு.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் இதுதான்: ஓடையின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரிய வேண்டியதில்லை. முதல் ஓடையில் வருவது ஒருவர் விசைப்பலகையில் தட்டியதாக இருக்கலாம். வட்டில் கிடக்கிற கோப்பாக இருக்கலாம். வேறொரு புரோகிராம் கக்கிய விடையாகவும் இருக்கலாம். கொல்லிமலையில் பள்ளத்து வயலுக்கு நீர் பாய்கிறது. நெல்லுக்குத் தெரியுமா, அது எந்தச் சுனையில் பிறந்தது என்று? தண்ணீர் வந்தால் போதும்.

இந்த யோசனை பிறந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடம். டக் மக்கில்ராய் என்பவர் 1964லேயே, தோட்டத்து ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பது போல் புரோகிராம்களைச் சேர்க்க வழி வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். 1973ல் கென் தாம்ஸன் அதை யூனிக்ஸில் நிறைவேற்றினார். ஒரு புரோகிராமின் இரண்டாவது ஓடையை இன்னொன்றின் முதல் ஓடையோடு ஒரு செங்குத்துக் கோடு போட்டு இணைத்துவிடலாம். ஒன்று வடிகட்டும், அடுத்தது வரிசைப்படுத்தும், அதற்கடுத்தது எண்ணிச் சொல்லும். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்துக் கொண்டு போயிற்று என்கிறதே புறநானூறு, அந்த மாதிரி ஒரே வரிக் கட்டளை ஐந்து புரோகிராம்களைத் துளைத்துப் போகும். டென்னிஸ் ரிட்சி ஸி பாஷையை உண்டாக்கியதும் அதே கூடத்தில், அதே வருஷங்களில்தான். அந்த மண்ணின் நீர்தான் ஸியின் ரத்தம்.

மூன்றாவது ஓடை பிறந்த கதை இன்னும் ருசியானது. ஆரம்பத்தில் விடைக்கும் முறையீட்டுக்கும் ஒரே வழிதான் இருந்தது. பெல் கூடத்துக்காரர்கள் ஒளியச்சுக் கோக்கும் யந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். கட்டுரையை அனுப்பினால் அழகான அச்செழுத்தில் படச்சுருளாக வரும். அதைக் கழுவி எடுக்க வேண்டும். வேலையும் செலவும் அதிகம். ஒரு தடவை சிரமப்பட்டுக் கழுவி எடுத்துப் பார்த்தால், கட்டுரையைக் காணோம்! 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற ஒரு வரி மட்டும் மிக நேர்த்தியான எழுத்தில் அச்சாகி நிற்கிறது. இப்படிச் சில தடவை நடந்த பிறகு, முறையீட்டுக்குத் தனி ஓடை வெட்டினார்கள். 1970களின் நடுவில் அது யூனிக்ஸில் இடம் பிடித்தது. பிறகு ஸி பாஷைக்கு 1989ல் தர நிர்ணயம் செய்தபோது, மூன்று ஓடைகளும் சட்டமாயின.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாவது ஓடைக்கு நடுவில் தொட்டி கட்டலாம். விடைகளைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாமல் தொட்டி நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வேகம் அதிகம். கோப்புக்குப் போகும்போது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூன்றாவது ஓடையில், தொட்டி நிறையட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் கூடாது. வீட்டில் தீப்பிடித்தால், நாலு வீடு எரியட்டும், சேர்த்துச் சொல்லலாம் என்று எவனாவது காத்திருப்பானா? புரோகிராம் நடுவழியில் செத்து விழுந்தால் தொட்டியில் தேங்கிய விடைகள் அதோடு போய்விடலாம். ஆனால் அது சாகும் முன் மூன்றாவது ஓடையில் சொன்ன கடைசிச் சொல் நம்மை வந்து சேர்ந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் மரியாதை வரியை மூன்றாவது ஓடையில் விட்டிருந்தால் போதும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வரி திரையில் தெரியும். திருத்துகிற யந்திரத்துக்கு இரண்டாவது ஓடையில் 47 மட்டும் போகும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. அந்தச் சொல்லின் விலை ஒரு வேலை.

*

இனி, நம்முடைய கல்லூரிகள் பலவற்றில் இதற்குப் பதிலாக என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு கல்லூரியை மட்டும் குறித்துச் சொல்லவில்லை. நாட்டின் நாலு மூலையிலும் இதே நோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

போர்லண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1987ல் டர்போ ஸி என்று ஒரு சரக்கை வெளியிட்டது. அந்தக் காலத்துக்கு அது அருமையான சரக்கு. அதன் வழிவந்த டர்போ ஸி பிளஸ் பிளஸ் 1990களின் தொடக்கத்தில் வந்தது. டாஸ் என்ற கறுப்புத் திரை உலகத்துக்காகச் செய்தது. அந்த உலகம் போய்விட்டது. அந்தக் கம்பெனியையே 2009ல் வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தப் பழைய சரக்கு நேரடியாக ஓடவே ஓடாது. ஆகவே என்ன செய்கிறார்கள் தெரியுமா? புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் போடுகிற டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமை வைத்து, அந்த வேஷத்துக்குள் டர்போவை ஓட்டுகிறார்கள். செத்துப் போன பாட்டனாருக்குப் புது வேஷ்டி கட்டிக் கல்யாணப் பந்தியில் உட்கார்த்தி வைப்பது போல!

பாட்டனார் வந்தால் அவருடைய பழக்க வழக்கங்களும் கூடவே வருகின்றன. நோட்டின் முதல் பக்கத்திலேயே 'கோனியோ' என்கிற தலைப்புக் கோப்பு. ஸி பாஷையின் தர நிர்ணயத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அது அந்தக் கம்பெனிகளின் சொந்தக் கைச்சரக்கு. அடுத்து, 'கிளியர் ஸ்கிரீன்'. திரையில் இருப்பதை முழுக்க அழித்துவிடு என்று அர்த்தம். பிறகு கடைசி வரியில் 'கெட்ச்'. ஒரு விசையைத் தட்டும் வரை காத்துக் கொண்டிரு என்று அர்த்தம். அது எதற்கு என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "போட வேண்டும் ஸார். போடாவிட்டால் அவுட்புட் தெரியாது" என்றாள். ஏன் தெரியாது? டர்போவில் புரோகிராம் முடிந்த கணமே விடைத் திரை மறைந்து எழுதுகிற திரை வந்து விழும். அந்த ஒரு சரக்கின் அசௌகரியத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை அது. முப்பது வருஷம் கழித்து, முட்டுக்கட்டையே சாஸ்திரமாகிவிட்டது. வீட்டில் ஒரு பூனை இருந்தது என்பதற்காகத் திவசத்தன்று அதைத் தூணில் கட்டிப் போட்டார் ஒருவர். பேரன் காலத்தில் திவசம் செய்வதற்கென்றே விலைக்குப் பூனை வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டே, அதுதான் இது.

பூனையால் நஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். 'கெட்ச்' முதல் ஓடையை மதிக்காது. நேரே விசைப்பலகைக்குப் போய்க் கை நீட்டும். ஆகவே அப்படி எழுதிய புரோகிராமை வேறொரு புரோகிராமோடு குழாய் போட்டு இணைக்க முடியாது. யாராவது வந்து விசையைத் தட்டினால்தான் நகருவேன் என்று அது நடுவழியில் உட்கார்ந்துவிடும். 'கிளியர் ஸ்கிரீன்' செய்வது அதைவிட மோசம். அதற்கு முன்னால் திரையில் ஏதாவது எச்சரிக்கை வந்திருந்தால் அதையும் சேர்த்து அழித்துவிடும். தப்பு நேர்ந்தால் சொல்வதற்கென்று தனி ஓடை வெட்டி வைத்தார்கள் பெரியவர்கள். நாமோ சொன்னதை அழிப்பதற்கு முதல் வரியிலேயே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்!

அடுத்தது 'வாய்ட் மெயின்'. ஒரு புரோகிராம் முடியும்போது, தன்னை ஏவியவரிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காரியம் ஜயம் என்றால் பூஜ்யம்; இல்லாவிட்டால் வேறு எண். அதற்காகத்தான் 'இன்ட் மெயின்' என்று எழுதச் சொல்கிறது தர நிர்ணயம். 'வாய்ட்' என்றால், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவேன் என்று பொருள். கடைக்கு அனுப்பிய பையன் அரிசி கிடைத்ததா இல்லையா என்று சொல்லாமலே போய்ப் படுத்துக் கொண்டால் அவனை என்ன செய்வீர்கள்? நம் கல்லூரிகளில் அவனுக்குப் பத்துக்குப் பத்து.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'கெட்ஸ்'. முதல் ஓடையிலிருந்து ஒரு வரியை வாங்கிக் கொள்ளும் கருவி அது. பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று கேட்காமலே ஊற்றிக் கொண்டே இருக்கும். நிரம்பி வழிந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் நனைந்து நாசமாகும். இது பயமுறுத்தலுக்காகச் சொல்கிற கற்பனை இல்லை. 1988 நவம்பர் 2ந் தேதி, ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட ஒரு புழுப் புரோகிராம் இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, 'ஃபிங்கர்' என்ற சேவைப் புரோகிராமில் இருந்த இந்த 'கெட்ஸ்'தான். 2011ல் வந்த ஸியின் தர நிர்ணயம் 'கெட்ஸ்' என்ற சொல்லையே பாஷையிலிருந்து நீக்கிவிட்டது. நீக்கப்பட்ட சொல் அந்தப் பெண்ணின் நோட்டில் நாலு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உபாத்தியாயரின் சிவப்பு மைச் சரிக்குறி.

இன்னொன்று சொல்லி முடித்துவிடுகிறேன். மலைப் பெண் தன் மலையின் பெயரைத் தன் புரோகிராமில் எழுத முடியுமா? அந்தப் பழைய கறுப்புத் திரைக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆனால் ஓடைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அது சுமப்பது பைட்டுகளை. 1992ல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. 'கொல்லி' என்று நாம் எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி. ஓடைக்குப் பதினெட்டு பைட்டு. நான் கையில் வைத்திருந்த மடிக்கணினியில் ஸி புரோகிராம் ஒன்றில் அந்தச் சொல்லை எழுதி, இரண்டாவது ஓடையைக் கோப்புக்குத் திருப்பிவிட்டுக் கோப்பைத் திறந்து காட்டினேன். 'கொல்லி' என்று இருந்தது. நீளம் எவ்வளவு என்று ஸியைக் கேட்டோம். பதினெட்டு என்றது. அந்தப் பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பில்தான் படிப்பு இருக்கிறது. நாலு வருஷத்தில் அதற்கு ஒரு பீரியட் ஒதுக்க நமக்கு முடியவில்லை.

*

இதற்கெல்லாம் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்சியையும் கேட்போம்.

"பாஷையின் அடிப்படைதான் முக்கியம், எந்தக் கருவியில் கற்றால் என்ன?" என்கிறார்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்! மூன்று ஓடைகள்தான் அடிப்படை. கோனியோதான் கருவியின் கோணல். அடிப்படையை விட்டுவிட்டுக் கோணலைக் கற்றுக் கொடுத்துவிட்டு, அடிப்படையின் பெயரால் வாதாடுவது நியாயமா?

"பணம் இல்லை" என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டர்போ ஸி பிறந்த அதே 1987ல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஸிஸி என்ற கம்பைலரை வெளியிட்டார். அது அன்றும் இலவசம், இன்றும் இலவசம். வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். அது ஓடுகிற லினக்ஸும் இலவசம். சென்னையிலேயே ஸி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்ற லினக்ஸைத் தயாரித்து, இந்திய பாஷைகளில் வேலை செய்ய வழி செய்திருக்கிறார்கள். காசு கொடுக்காமல் உயிருள்ளது கிடைக்கும்போது செத்ததைக் கட்டிக் கொண்டு அழுவதற்குப் பணத்தைக் காரணம் சொல்லலாமா?

"கிராமத்துப் பிள்ளைகள், அவ்வளவு சொன்னால் தாங்காது. சுலபமாக இருக்கட்டும் என்றுதான்..." என்று இழுக்கிறவர்களும் உண்டு. இதுதான் எனக்குக் கோபம் மூட்டுகிற பதில். எது சுலபம்? அர்த்தம் தெரியாமல் ஆறு மந்திரச் சொற்களை மனப்பாடம் செய்வதா, அர்த்தத்தோடு மூன்று ஓடைகளை அறிந்து கொள்வதா? மலையில் பிறந்தவளுக்கு ஓடை என்றால் என்னவென்று நீங்களா சொல்லித்தர வேண்டும்? அறப்பளீசுவரர் கோயிலின் பக்கமாக வருகிற நீர் அருவியாய் விழுந்து ஐயாறாகிப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது என்று அவளுக்கு எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. அவள் பார்த்துத் தெரிந்து கொண்டாள். பட்டணத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் விட்டதை வீட்டில் சொல்லித்தர மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். வகுப்பில் கிடைக்காதது இவளுக்கு வேறெங்கும் கிடைக்காது. ஆகையால் மட்டமான படிப்பு எல்லோரையும் சமமாகக் கெடுப்பதில்லை. முதல் தலைமுறையைத்தான் முதலில் கெடுக்கிறது.

உபாத்தியாயர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவர்களும் இதே நோட்டிலிருந்து படித்து வந்தவர்கள்தான். நோட்டில் இருப்பதை எழுதினால் மார்க். மாற்றி எழுதினால் மார்க் போய்விடும். அந்தப் பயம் மாணவருக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் இருக்கிறது. அவர்களிலும் தனிப்பட்ட முறையில் லினக்ஸை வைத்துக் கொண்டு பிள்ளைகளை மாலையில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கூடுவதில்லை. சந்தேகப் பார்வைதான் கூடுகிறது.

நான் அந்தப் பெண்ணை ஒன்று கேட்டேன்: "கெட்ச் எதற்கு என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லையா, அம்மா?"

"ஒரு பையன் கேட்டான், ஸார்."

"என்ன சொன்னார்கள்?"

"முதலில் அரியரை முடி, அப்புறம் கேள்வி கேட்கலாம் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை."

வாசகர்களே, இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. யூனிக்ஸில் ஒரு குழி உண்டு. 'டெவ் நல்' என்று பெயர். அதில் எதைக் கொட்டினாலும் மாயமாகிவிடும். சத்தம் தாங்காத சில பேர் மூன்றாவது ஓடையை அந்தக் குழிக்குத் திருப்பிவிடுவார்கள். திரை சுத்தமாக இருக்கும். எல்லாம் நன்றாக நடப்பது போலத் தோன்றும். உள்ளே என்ன கெட்டுப் போயிற்று என்று கடைசி வரை தெரியாது. நம் வகுப்பறைகளில் நடப்பது அதுவே. 'புரியவில்லை' என்று ஒரு பிள்ளை சொல்வதுதான் வகுப்பின் மூன்றாவது ஓடை. தொட்டி கட்டாமல், காத்திருக்க வைக்காமல், சொல்ல வேண்டியவரிடம் உடனே சேர வேண்டிய ஓடை அது. அதைக் குழிக்குத் திருப்பிவிட்டோம். இரண்டாவது ஓடையில் மார்க்குகள் மட்டும் ஜம்மென்று ஓடுகின்றன. பத்துக்குப் பத்து! பிறகு ஒருநாள் வெளியூர் யந்திரம் ஒன்று 'தவறான விடை' என்று சிவப்பில் காட்டும்போது, பிள்ளை தன் மண்டையைத் தானே நொந்து கொள்கிறது. மூன்றாவது ஓடையை அறிந்திராத கல்விச்சாலையில் மூன்றாவது ஓடையை எப்படிக் கற்றுக் கொடுப்பார்கள்?

என் கோரிக்கை பெரிதல்ல. பாடத்திட்டக் கமிட்டி, நிபுணர் குழு, விமானப் பிரயாணம் எதுவும் தேவையில்லை. அடுத்த வருஷம் லாபரட்டரி திறக்கும் முன்னால் அந்தப் பழைய சரக்கை நீக்கிவிட்டு ஜிஸிஸியைப் போடட்டும். முதல் நாள், முதல் மணி நேரத்தில், கரும்பலகையில் மூன்று கோடு இழுத்து 0, 1, 2 என்று எழுதட்டும். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு, 'இன்ட் மெயின்' என்று எழுதியவனுக்கு மார்க் குறைக்காதே, 'கெட்ஸ்' எழுதியவனுக்கு முழு மார்க் போடாதே என்று ஒரு வரிக் கடிதம் போகட்டும். இவ்வளவுதான். ஒரு வாரத்து வேலை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பொறியியல் படிக்கிற பிள்ளை நிச்சயம் இருக்கும். இன்று ராத்திரி அதன் லாபரட்டரி நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு ஸி தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வரிக்குள் 'கோனியோ' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். "போட வேண்டும், அதனால் போட்டிருக்கிறேன்" என்று பதில் வந்தால், பிள்ளையைக் கோபிக்க வேண்டாம். கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

செம்மேட்டுப் பெண் அந்த மரியாதை வரியை மூன்றாவது ஓடைக்கு மாற்றினாள். எண்களை ஒரு கோப்பிலிருந்து உள்ளே விட்டாள்; விடையை இன்னொரு கோப்பில் பிடித்தாள். கோப்பைத் திறந்தால் 47 மட்டும் இருந்தது. அவள் அப்பா எட்டிப் பார்த்து, "சரியா வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். "முன்னாலேயே சரியாத்தான் இருந்துச்சுப்பா" என்றாள் அவள். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வருகிறதாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் எழுந்தேன். தேநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர்.